பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பாலம்

பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு சாரின் வலது காலுக்கடியில் தரை தடித்தது.

கலந்தாய்வுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கலந்தாய்வு என்றால் அவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கடைசியில் பிஸ்கட் வரும். மெட்ரோ நிலையத்தின் இரண்டாம் மாடியில், முதல் மாடிப் பயணிகள் கூடத்தைக் கண்ணாடி வழியே பார்த்தபடி இருக்கும் அறை அது. தரை முழுக்கக் கறுப்புக் கிரானைட். குனிந்து பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். ஆளில்லாத நேரத்தில் அவர் வாரிக்கொள்வதும் உண்டு. அப்படிப்பட்ட தரையில், ஷூவின் அடித்தோலையும் காலுறையையும் தாண்டி, பென்சில்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி அதன்மேல் பாதத்தை வைத்தது போலிருந்தது. காலை நகர்த்தினார். அங்கேயும் பென்சில்கள். எல்லாம் ஒரே திசையில், வாசலைப் பார்த்துப் படுத்திருந்தன.

கூட்டம் கலைந்ததும் துப்புரவு மேற்பார்வை பார்க்கும் அக்காவைக் கூப்பிட்டார்.

"தரையில ஏதோ மேடா இருக்கு. பாருங்க."

அக்கா மண்டியிட்டு உள்ளங்கையால் துழாவினாள். "ஈ வந்து உக்காந்தாலே வழுக்கி விழும் சார். இதுல எங்க மேடு?"

"என் காலுக்குத் தெரியுது."

"உங்க காலுக்குத் தெரியுதுன்னா சரிதான் சார்" என்று எழுந்தவள், வெளியே போய்ப் பெருக்குமாற்றோடு நின்றவளிடம், "பாலிஷ் சாருக்குக் கால்ல கண்ணு முளைச்சிடுச்சாம்டி" என்றாள். இருவரும் சிரித்தது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. சிரிப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை. கால்ல கண்ணு என்ற சொல்தான் செய்தது. அந்தச் சொல்லை அவர் முன்பே ஒரு பெண்ணின் வாயால் கேட்டிருந்தார்.

நேரில் இணைப்பு சார், முதுகுக்குப் பின்னால் பாலிஷ் சார். மெட்ரோவில் இறங்குகிறவர்களை மற்ற வண்டிகளோடு சேர்த்து வைப்பது அவர் உத்தியோகம். 'நால்வகைப் போக்குவரத்தும் ஒரே கூரையின் கீழ்' என்று நிலைய வாசலில் அவர் வைத்த பலகை ராத்திரியிலும் எரியும். ஒன்று, மெட்ரோ. இரண்டு, பஸ், அது சாலைக்கு அந்தப் பக்கம், சாலையைத் தாண்ட முடிந்தவர்களுக்கு. மூன்று, ஆட்டோ, அவர்களுக்கு மனசு வந்தால். நான்கு, சைக்கிள் நிறுத்தம். அதில் ஷாமியானா கம்பிகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

சாலையைத் தாண்டத்தான் பாலம் கட்டினார்கள். நிலையத்தின் கூடத்திலிருந்து கிளம்பி, சாலைக்கு மேலாகவே நடந்து, பஸ் ஸ்டாண்டின் மாடியில் போய் இறங்குகிற பாலம். பாதி வரை வந்தது. திறப்பு விழாத் தேதியும் வந்தது. பாலத்துக்காகத் தேதியைத் தள்ளிப்போடுவார்களா யாராவது? இணைப்பு சார் பாலம் முடிகிற இடத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டினார். முழுப் பாலமும், அந்தப் பக்கத்து பஸ் ஸ்டாண்டும், சிரித்த முகத்தோடு நடக்கும் ஜனங்களும் அதில் அச்சாகியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பாலம் போய்க்கொண்டே இருந்தது.

பேனருக்குப் பின்னால் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. மாலை வெயிலில் அதன் நிழல் பேனரில் கோடாக விழுந்து படம் எடுப்பதற்கு இடைஞ்சலாக இருந்ததால் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

பாலம் நெடுக மஞ்சள் தடம் உண்டு. கண் தெரியாதவர்கள் காலால் தடவிப் போவதற்கு. கோடு போட்ட டைல்ஸ் என்றால் நட. குமிழ் வைத்த டைல்ஸ் என்றால் நில். வேலையை எடுத்திருந்தவர் சாருடைய மனைவியின் அண்ணன்; டெண்டர் என்பது வெளியாட்களுக்குத்தானே. அவர்கூட அன்றைக்குக் கேட்டார்: "மாப்ள, முனையில ரெண்டு வரிசை குமிழ் போட்டுடவா?"

"குமிழ் போட்டா பாலம் இங்கயே முடியுதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும் மச்சான். கோடாவே போகட்டும். பார்க்க நீளமா இருக்கும்."

விழாவில் படத்துக்காகக் கண் தெரியாத ஒருவர் வேண்டியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி, சாலையைத் தாண்டி, தினமும் மெட்ரோ ஏறுகிற டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர் கிடைத்தார். ஒல்லியான ஆள், இஸ்திரி கலையாத சட்டை, வாய் கொஞ்சம் நீளம். சார் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேமராக்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!"

சுற்றியிருந்தவர்கள் இருமினார்கள். "நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க சார், நான் நம்பிக்கிறேன்" என்றார் ஆபரேட்டர். அப்புறம் குரலைத் தணித்து, "நிஜமாவே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடலாமா சார்? ரோட்டுல தினம் உயிர் போகுது" என்று கேட்டார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் கேமராவுக்கு முன்னால் இல்லை என்று சொல்ல இணைப்பு சாருக்கு வராது.

"நேரா போங்க. மஞ்சளை மட்டும் விடாதீங்க, அதுவே கொண்டுபோய் விடும்."

"மஞ்சளா சார்? அப்ப நிச்சயம் கண்டுபிடிச்சிடுவேன்" என்று சிரித்தார் ஆபரேட்டர். மறுநாள் வேலை முடிந்து வந்தவர் நேராகத்தான் போனார்.

போலீஸ் வருவதற்குள் மச்சானின் ஆட்கள் முனையில் இரண்டு வரிசை குமிழ் பதித்துவிட்டார்கள். விசாரணையில் சார் குமிழைக் காட்டினார். நில் என்று தெளிவாக இருந்தும் அந்த மனிதர் நடந்திருக்கிறார் என்றால் அவருக்கு என்ன மனக்கவலையோ, பாவம் என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபரேட்டரின் மனைவி மட்டும் ஒருநாள் அறைக்கே வந்தாள்.

"அவருக்குக் கால்லதான் சார் கண்ணு. குமிழ் இருந்திருந்தா நின்னிருப்பாரு."

"வீட்டுல ஏதாவது சண்டையாம்மா?"

"சண்டையெல்லாம் இல்ல சார். ஆனா ரோஷக்காரர். எதையும் பாதியில விட்டுட்டுப் போற ஆள் கிடையாது."

அதன்பின் பாலத்தின் முனையில் இரும்புத் தகடு அடித்தார்கள். நிலையத்துப் பக்கம் கிரில் கேட் போட்டுச் சங்கிலி மாட்டினார்கள். கூடத்திலிருந்து பாலத்துக்குத் திரும்பும் மஞ்சள் தடத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டுக் கிரானைட் போட்டு மெருகேற்றினார்கள். விஷயம் மூடியாயிற்று.

அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

*

அன்று சாயங்காலம் வீட்டிலும் அது வந்தது. செருப்பில்லாத காலில் இன்னும் துல்லியமாக இருந்தது. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து கை கழுவப் போனவரின் பாதத்துக்குக் கீழே குளிர்ந்த நான்கு முதுகுகள், நடுவில் பள்ளங்கள், பள்ளத்தில் கொஞ்சம் மணல், மழைத் தண்ணீரின் ஈரம். குனிந்து பார்த்தார். வழவழவென்று வெள்ளைத் தரை. காலை வைத்தார். கோடுகள். கை கழுவும் இடத்துக்கு அவை போகவில்லை; கூடத்தைக் குறுக்கே வெட்டி பால்கனிக்குப் போயின. பால்கனி வாசலில் குமிழ் இருக்கிறதா என்று அவர் கால் தானாகத் தேடியது. இல்லை.

"என்னங்க, கம்பி மேல நடக்கிற மாதிரி நடக்குறீங்க?" என்றாள் மனைவி.

"கால்ல ஏதோ..."

"ஆணியா இருக்கும். நீங்க நடக்கிறதே கார் வரைக்கும்தான், அதுக்கே ஆணியா?"

அவர் பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு மச்சானுக்குப் போன் செய்தார்.

"மச்சான், கூடத்துலேர்ந்து பாலத்துக்குப் போற தடத்தை முழுசா எடுத்தாச்சுல்ல?"

"எடுத்தாச்சு மாப்ள. பில்லும் எடுத்தாச்சு."

"முனையில போட்ட குமிழ்?"

"அது அங்கயேதான் இருக்கு. அதை எடுத்தா நீங்க சொன்ன கதை என்ன ஆகுறது? ஏன், நாளைக்கு வர்ற விருதுக்காரங்க அங்கயும் வருவாங்களா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

குமிழ் இருக்கிறது. அந்த நினைப்பைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். விடியும்போது விழிப்பு வந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். மூக்கு பால்கனிக் கதவின் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. தாழ்ப்பாள் திறந்திருந்தது.

*

சிறந்த பயண இணைப்புக்கான விருதுக் குழு அன்று மாலை வருவதாக ஏற்பாடு. காலையிலிருந்து அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அதிகம் எழவில்லை. எழுந்தால் கோடுகள். கோடுகள் அறை வாசலுக்குப் போயின, கழிப்பறைக்குப் போகும்போதும் வாசலுக்கே இழுத்தன. நாற்காலிக்கடியில் ஒரு சாக்கு விரிப்பைப் போட்டுக் கால்களை அதன்மேல் வைத்துக்கொண்டார். சாக்குக்கு மேலும் தெரிந்தது. கால்களைத் தூக்கி நாற்காலியிலேயே மடக்கி வைத்துக்கொண்டார். ஃபைலில் கையெழுத்து வாங்க வந்த குமாஸ்தா அந்தக் கோலத்தைப் பார்த்து, "தியானமா சார்?" என்று பக்தியோடு கேட்டுவிட்டுப் போனார்.

மாலையில் மழை பிடித்தது. விருதுக் குழுவின் வண்டி போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது; இணைப்பைப் பாராட்ட வருகிறவர்களுக்கு நிலையத்துக்கு வர வழியில்லை. அவர் ஓயாமல் போனில் வழி சொல்லி, போன் செத்துப்போய், அதை மேசையில் சார்ஜில் போட்டுவிட்டு, கீழே வாசலில் நின்று வரவேற்கலாம் என்று இறங்கினார். வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம் கூடத்தை நிறைத்திருந்தது. நனைந்த குடைகளின் ரப்பர் வாடை, ஈரத் தலைமுடி வாடை, எஸ்கலேட்டரின் எண்ணெய் வாடை எல்லாம் கலந்து முகத்தில் வந்து ஒட்டியது. டிக்கெட் கேட்டுகள் விடாமல் கீச்சிட்டன. அடியில் எங்கோ ரயில் வந்து நின்றபோது தரை மெதுவாக நடுங்கி அடங்கியது. அந்த நடுக்கத்தின் ஊடே, கூட்டத்தின் ஆயிரம் செருப்புச் சத்தத்துக்கு நடுவே, கிரானைட்டில் கம்பு தட்டும் சத்தம் ஒன்று தனியாகக் கேட்டது.

டக். இழுப்பு. டக்.

திரும்பிப் பார்க்கப் போனார். அப்போது விளக்குகள் அணைந்தன.

கரண்ட் போய்விட்டது, அதுவும் இன்றைக்கு என்று பல்லைக் கடித்தார். ஜெனரேட்டருக்காகக் காத்திருந்தார். கூட்டம் கூச்சல் போடும் என்று காத்திருந்தார். கூச்சல் வரவில்லை. செருப்புகள் அதே வேகத்தில் போயின. யாரோ சிரித்தார்கள். எஸ்கலேட்டர் முனகிக்கொண்டே ஓடியது. டிக்கெட் கேட்டுகள் கீச்சிட்டன. அடுத்த ரயில் வருகிறது என்று ஒலிபெருக்கி நிதானமாகச் சொன்னது.

கரண்ட் போகவில்லை.

அவர் தன் கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். விரல்கள் இமையில் இடித்தன. ஒன்றும் தெரியவில்லை. தோள் ஒன்று மோதிப் போனது. "பார்த்து வாங்க, கண்ணு தெரியலயா?" என்றது ஒரு குரல்.

கத்தியிருக்கலாம். யாராவது கையைப் பிடியுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். சுற்றிலும் அவருடைய ஆட்கள்தான். வாயைத் திறந்தார். நாளைக்குக் கூடத்தில் கை நீட்டித் துழாவிய இணைப்பு சாரைப் பற்றித் துப்புரவு அக்கா சொல்லப்போவது காதில் கேட்டது. விருதுக் குழு எந்த நிமிஷமும் வாசலில் வந்து நிற்கும். வாயை மூடிக்கொண்டார். மேலே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ரத்த அழுத்தம்.

காலுக்கடியில் கோடுகள் இருந்தன.

இரண்டு நாளாக அவரைப் பயமுறுத்திய கோடுகள் இப்போது கைப்பிடிச் சுவர் மாதிரி ஆறுதலாக இருந்தன. கூடத்தில் இருப்பது ஒரே தடம்தான், அது லிஃப்ட்டுக்குப் போகிறது. பாலத்துக்குப் போனதைத்தான் பெயர்த்தாயிற்றே. நெஞ்சை நிமிர்த்தினார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆய்வு செய்கிறவர் போல, மெதுவாக, ஒவ்வோர் அடியாகத் தடவித் தடவி நடந்தார்.

கூட்டம் வழிவிட்டது. "வணக்கம் சார்." தலையசைத்தார். "சார் ரவுண்ட்ஸ் வர்றாரு, ஒதுங்குங்க." தலையசைத்தார். தடம் திரும்பியது. அவரும் திரும்பினார். பின்னால் கம்பு தட்டியது. டக். இழுப்பு. டக். அவசரமில்லாத சத்தம். வழி தெரிந்தவரின் சத்தம்.

"தொறக்கட்டுமா சார்?" என்றது காவலாளியின் குரல்.

லிஃப்ட் கதவா, அறைக் கதவா? எது என்று கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும்.

"ம். சீக்கிரம்."

இரும்புச் சங்கிலி கலகலவென்று அவிழ்ந்தது.

லிஃப்ட்டுக்குச் சங்கிலி ஏது என்று தோன்றுவதற்குள் கால் இரண்டு அடி வைத்துவிட்டது. முகத்தில் காற்று அடித்தது. மழையின் சாரல். பின்னால் கேட் மூடிக்கொண்டது.

"நேரா போங்க சார்" என்றது குரல். இப்போது அது காவலாளியின் குரலாக இல்லை.

திரும்பினார். கை நீட்டினார். கேட் இல்லை. கிரில் இல்லை. இத்தனை பக்கத்தில் மூடிய கேட் கைக்கு அகப்படவில்லை. திரும்பிய இடத்திலும் கோடுகள் அதே திசையைக் காட்டின. பக்கவாட்டில் காலை வைத்தார். பாதத்துக்கடியில் ஒன்றுமில்லை. வெறும் காற்று கால்சட்டைக்குள் ஏறியது. காலை இழுத்துக்கொண்டார்.

டக்.

"யாரது?"

இழுப்பு.

"நான் வேணும்னு பண்ணல. இங்க பாருங்க... உங்க வீட்டம்மாவுக்கு ஒரு வேலை... நான் பேசுறேன்."

டக். ஓர் எட்டு தள்ளி.

நடந்தார். வேறு வழியில்லை. நடக்கும்போது ஒன்றே ஒன்று நினைவு வந்தது. குமிழ். முனையில் குமிழ் இருக்கிறது. இரண்டு வரிசை. அவரே பதிக்கச் சொன்னது. கால் அதைத் தொட்டதும் நின்றுவிடலாம். அப்படியே உட்கார்ந்துவிடலாம். விடிந்தாலும் சரி, ஊரே சிரித்தாலும் சரி. அதற்கப்பால் இரும்புத் தகடும் உண்டு.

கோடு. கோடு. கோடு.

காற்று பலத்தது. பஸ்களின் ஹாரன் முன்னாலிருந்து வந்தது. பிறகு பக்கவாட்டிலிருந்து. கோடு. பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார். உருண்டையாக ஏதாவது. ஒரே ஒரு குமிழ். கோடு.

முகத்தில் ஈரமாக ஒன்று உரசியது. இரும்பு இல்லை. வழவழப்பு. பிளாஸ்டிக் வாடை, புது அச்சு மையின் வாடை. திரை போல அவரைத் தழுவி, இரண்டாக விலகி, முதுகுக்குப் பின்னால் படபடத்தது.

இப்போது ஹாரன் கீழேயிருந்து வந்தது.

நின்றார்.

காலுக்கடியில் கோடுகள் இருந்தன. உறுதியாக, குளிர்ச்சியாக. அவற்றைச் சுற்றி எதுவும் இல்லை.

கண்களை இறுக மூடிக்கொண்டார். தெரியாத கண்களை மூடி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் மூடினார். அசையாமல் இருந்தால் போதும். யாராவது பார்ப்பார்கள். மழைத்துளிகள் தலையில், தோளில், விரல் நுனியில். கம்பின் சத்தம் நின்றுவிட்டது. காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஒரு கை அவருடைய முழங்கையைப் பிடித்தது. மெத்தென்று, மரியாதையாக, படத்துக்கு நிற்பவரைப் பிடிப்பது போல.

"வேண்டாம்" என்றார். "வேண்டாங்க. அண்ணே... வேண்டாம்ணே."

இன்னொரு கையின் கட்டைவிரல் அவர் வலது இமையின்மேல் வந்து அமர்ந்தது. இஸ்திரி போட்ட துணியின் வாடை அடித்தது. விரல் இமையை மெல்ல மேலே தூக்கியது.

வெளிச்சம்.

எதிரே பஸ் ஸ்டாண்ட் பூராவும் விளக்கு. நனைந்த சாலை பளபளத்தது, பாலிஷ் போட்ட கிரானைட் போல. அதில் குடைகள், முகப்பு விளக்குகள், சிவப்புப் பஸ்களின் கூரைகள், எல்லாம் மிகச் சிறியதாக, மிகவும் கீழே. மழைத்துளிகள் அவருடைய ஷூ நுனியைத் தாண்டி, எதிலும் தெறிக்காமல், நேராக இறங்கிக்கொண்டே போயின. ஷூவுக்கடியில் மஞ்சளாக எதுவும் இல்லை.

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, சார்."

முழங்கையைப் பிடித்திருந்த விரல்கள், ஒவ்வொன்றாக, விலகத் தொடங்கின.